வேடந்தாங்கலில் கூட்டம் குறையட்டும்

ஐயா,

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் மாணவர்களுக்குப் பறவைகளைக் காட்டுவோர், ஒரு வழிகாட்டிக்குப் 10 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. இரைச்சல் கேட்டு அடைகாக்கும் பறவை எழுந்தால் முட்டை வெயிலில் காயும். காகமும் சும்மா இருக்காது. இருநோக்கி (பைனாகுலர்) 8 மடங்கு பெருக்குவதே போதும். 10 மடங்கு என்றால் சிறுவர் கையில் காட்சி ஆடும், பறவை சிக்காது. மாலை 4 மணிக்கு மேல் இரை தேடிப் போனவை நீர்க்கடம்பு மரங்களுக்குத் திரும்பும். நத்தைக்குத்தி நாரையின் அலகில் உள்ள இடைவெளியையும், கரண்டிவாயனின் தட்டை அலகையும் அப்போது ஒப்பிட்டுக் காட்டலாம். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதையும் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியல் ஒப்பிப்பதைவிட அது மேல். பளிச்சென்ற வெள்ளை, சிவப்புச் சட்டைகளை முன்கூட்டியே தவிர்க்கச் சொல்லிவிடுங்கள்.

– ஒரு வாசகர், மதுராந்தகம்