பார்லர் செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திருநர்களுக்கான நிதியுதவி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், “அறுவைச் சிகிச்சைக்கு உதவுவது நியாயம், முகத்து முடியை எடுக்கும் பார்லர் செலவுக்குமா?” என்று ஒரு வரி. எழுதியவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணாடி பார்ப்பாரோ தெரியாது. நான் எழுந்ததும் பார்த்தாக வேண்டும்.

எனக்கு 46 வயது. ஆறு வருடமாகப் பெண் ஹார்மோன் எடுக்கிறேன். தோல் மென்மையானது, உடம்பு முடி மெலிந்தது, தாடி மட்டும் அசையவில்லை. ஒருமுறை வந்த தாடியை ஹார்மோன் போக்காது என்பது தங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! தினமும் ஷேவ் செய்து, நீலம் பாய்ந்த இடத்தில் ஆரஞ்சு நிறக் கரெக்டர் தடவி, அதன்மேல் ஃபவுண்டேஷன் பூசி முடிக்க முக்கால் மணி நேரம். மதியம் மூன்று மணிக்கெல்லாம் மேலுதட்டில் சொரசொரப்பு எட்டிப் பார்க்கும். அப்புறம் யாருக்கும் பக்கத்தில் நின்று பேச மாட்டேன்.

லேசர் செய்துகொள்ளலாமே என்பார்கள். செய்தேன். லேசர் முடியின் கருமையைத் தேடித்தான் சுடும். என் தாடியில் பாதி நரை. கறுப்பு போனது, நரை நின்றது. நரைக்கு எலக்ட்ரோலிசிஸ்தான் வழி. ஒவ்வொரு முடிக்குழியிலும் நுண்ணிய ஊசியை விட்டு, மின்சாரம் பாய்ச்சி, வேரை அழிக்க வேண்டும். 1875-இல், கண்ணைக் குத்தும் இமைமுடியை எடுக்கச் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர் கையாண்ட முறை இது, பார்லரில் பிறந்ததல்ல. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளராது என்பதால், எடுத்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். முகம் முழுக்க முடிய வருடக்கணக்கில் ஆகலாம். மரத்துப்போகும் களிம்பு பூசியும், மேலுதட்டில் ஊசி இறங்கும்போது கண்ணில் நீர் தானாக வழியும். எந்தப் பார்லரில் இப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்?

இதில் இன்னொரு கொடுமை, எடுப்பதற்கு முடி கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். அதனால் இரண்டு மூன்று நாள் ஷேவ் கூடாது. அந்த நாட்களில் முகக்கவசத்தோடு வேலைக்குப் போனேன். “சளியா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றேன். வருடம் பூராவும் சளி.

பணத்துக்கு வருகிறேன். காப்பீட்டில் “அழகு சிகிச்சை” என்று திருப்பினார்கள். ஓர் உதவி நிதியில், முதலில் நீங்கள் கட்டுங்கள், ரசீது தந்தால் தருகிறோம் என்றார்கள். கட்டக் காசிருந்தால் அங்கே ஏன் போகிறேன்? கடன் வாங்கிக் கட்டினேன். ஊசி போட்டவர் மருத்துவர் இல்லையாம், ரசீது செல்லாதாம். இந்த வேலையைச் செய்ய எத்தனை மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும்.

நியாயம் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட அறுவைச் சிகிச்சைக்கே, பெண்ணுறுப்பு அமைக்க உள்ளே வைத்துத் தைக்கும் தோலில் முடி இருந்தால் முன்கூட்டியே நீக்கச் சொல்கிறார்கள். பிறகு அது உள்ளேயே வளர்ந்தால் எடுப்பது பெரும்பாடு. திருநர் உடல்நலத்துக்கான உலக நிபுணர் சங்கமான டபிள்யூபாத் (WPATH) 2022-இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுதலிலும் முகத்து முடி நீக்கம் சிகிச்சைப் பட்டியலில்தான் இருக்கிறது.

உங்கள் இதழிடம் எனக்குப் பழைய கணக்கும் உண்டு. மூன்று வருடம் முன்பு என் கடிதத்தைப் போட்டு, பெயருக்குப் பின்னால் ‘திருநங்கை’ என்று நீங்களாகச் சேர்த்தீர்கள். அதே பக்கத்தில் வேறு யார் பெயருக்குப் பின்னாலும் ஆண், பெண் என்று இல்லை. கடிதமோ, குறுக்கெழுத்துப் புதிரில் இருந்த பிழை பற்றியது! அந்தப் பிழைக்கும் திருத்தம் வரவில்லை.

சரி, கேட்பது சின்ன விஷயம்தான். அந்த வரியில் ‘பார்லர்’ என்பதைச் ‘சிகிச்சை’ என்று திருத்தி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஒரு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும் பரவாயில்லை, என் பெயருக்குப் பின்னால் மட்டும் எதையும் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)