ஆடியைத் தவறவிடாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

"மிளகாய்ப் பூவெல்லாம் கொட்டிவிட்டது அப்பா, இனி எதுவும் வைக்கப் போவதில்லை" என்று நீ சொல்லி ஐந்து வாரமாகிறது. அதன் பிறகு உன்னிடமிருந்து அழைப்பு இல்லை. உன் கையில் ஒரு குறையும் இல்லை. மாசிக் கடைசியில் விதைத்த மிளகாய் வைகாசியில் பூக்கும். அப்போது சென்னையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவதோடு, மொட்டை மாடித் தரை இரவிலும் சூடு தணியாமல் கிடப்பதால், பூ பிஞ்சாகாமல் காம்போடு உதிர்ந்துவிடும்.

ஆகவே ஆடி முதல் வாரத்தில் விதை போடு. நம் மானாவாரிக் காட்டில் முண்டு மிளகாயைப் புரட்டாசியில்தான் விதைக்கிறோம். (2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் நீதான், அன்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்படி அழைத்தவள் இப்போது அழைப்பதில்லை.) தொட்டியில் புரட்டாசி நாற்று ஐப்பசி அடைமழையில் அழுகிவிடும். ஆடியில் விதைத்தால் எட்டுப் பத்து நாளில் முளைக்கும். நாற்பது நாள் நாற்றை ஆவணியில், வெயில் தாழ்ந்த பிறகு பிடுங்கி நட்டால், மழைக்குள் வேர் பிடித்து நிமிர்ந்து, மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும். ஆடியைத் தவறவிடாதே.

எட்டாம் வகுப்பில் நீ பிஸ்கட் டப்பாவில் விட்ட நாற்று நினைவிருக்கிறதா? ஒரு காலையில், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்துப் பழுப்பேறி, அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வந்திருந்த உறவினர் முன்னிலையில், உனக்கு எதிலும் பொறுப்பில்லை என்று சொன்னேன். நீ தண்ணீர் விட மறந்ததால் வாடவில்லை, தாயி; அது நாற்றழுகல், ஈரம் தேங்கினால் வருவது. நீ பள்ளிக்குப் போன பிறகு தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியவன் நான். டப்பாவின் அடியில் துளை இல்லை என்பதை அன்று மாலையே பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி எதுவும் வைக்கப் போவதில்லை என்று நீ சொன்ன குரல், அன்று அந்த டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிள்ளையின் குரலாக எனக்குக் கேட்டது. என்னை மன்னித்துவிடு.

கொல்லைச் செடியில் நன்கு சிவந்த பழமாகப் பறித்து, நிழலில் உலர்த்திய விதையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆடி பிறக்க ஒன்பது நாள் இருக்கிறது. தொட்டிகளின் அடியில் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை அழைத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா