'ஓசிச் சோறு' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், தன்னார்வலர்கள் சமைத்துப் பரிமாற, சாப்பிட்டவர்கள் விரும்பியதைக் கொடுத்துவிட்டுப் போகும் உணவகங்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். கடைசிப் பத்தியில், 'மதுரையில் இப்படி ஒரு கடை திறந்தால் ஓசிச் சோற்றுக்குக் கூட்டம் முண்டியடிக்கும். ஒரே வாரத்தில் மூட வேண்டியதுதான்' என்று ஒரு வரி. மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் நடக்கும் விருந்து உங்களுக்குத் தெரியாததல்ல. வருஷா வருஷம் படம் போடுகிறீர்கள். காய் நறுக்குவது, பரிமாறுவது, இலை எடுப்பது எல்லாம் தாமாக வருகிறவர்கள்தான். சாப்பாட்டுக்கு விலை இல்லை. அவரவர் மனசுப்படி மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். அகமதாபாத் சேவா கஃபேயிலும் பெர்க்லி கர்மா கிச்சனிலும் கட்டுரை வியந்து சொன்னது இதைத்தானே?

பன்னிரண்டு வருஷமாக முந்தின நாளே காய் நறுக்கப் போகிறேன். ஒரு வருஷம் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மேலூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவர் முந்தியை அவிழ்த்து, எட்டாக மடித்த இருபது ரூபாய் நோட்டை எடுத்து, மேசையிலேயே வைத்து நீவிக் கொடுத்தார். எழுதிக்கொண்டிருந்த தம்பி, உண்டியலில் போடச் சொன்னார். "இல்லப்பா, பேரை எழுது. ஆத்தா கல்யாணத்துல சும்மா சாப்பிட்டுப் போனேன்னு இருக்கக் கூடாது" என்றார். பெயர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார். இவரைப் போன்றவர்களையா ஓசி என்கிறீர்கள்?

அந்த வார்த்தை எனக்குப் பழக்கமானதுதான். இருபது வருஷத்துக்கு முன் இந்த ஊர் ஓட்டல் ஒன்றில் அளவுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் ரசம் கூடக் கேட்டதற்கு, "ஓசில கேக்குறீங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்கள். முழுக் காசும் கொடுத்துத்தான் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் சாகும்வரை அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. அம்மா உணவகம் வந்த புதிதில், ஒரு ரூபாய் இட்லிக்கு வரிசையில் நின்ற கூலியாட்களையும் இதே வார்த்தையால் பேசினார்கள். அப்போதும் உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது.

அமெரிக்காவில் பனேரா நிறுவனம் 2010இல் தொடங்கிய இத்தகைய கடைகள் 2019க்குள் மூடப்பட்டதைக் கட்டுரை சொல்கிறது. அந்த ஊர் மக்களை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. நமக்கு மட்டும் கடை திறக்கும் முன்பே தீர்ப்பா? சுவாமி சாந்தானந்த சரஸ்வதி கோலாலம்பூரில் 1984இல் தொடங்கிவைத்த அன்னலட்சுமி உணவகம், 'வயிறாரச் சாப்பிடுங்கள், மனதுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்' என்று சொல்லியே சிங்கப்பூர், பெர்த் வரை போனது. அது கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. வரும் சித்திரையில், விருந்துக்குக் காய் நறுக்க ஆள் வேண்டும் என்று இரண்டு நாள் முன்னதாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், போதும். வருகிறவர்கள் அரிவாள்மனையோ கத்தியோ கையோடு கொண்டுவரட்டும். போன வருஷம் பத்தவில்லை.

இப்படிக்கு,
வாசகி, செல்லூர், மதுரை