வரி போன பிறகு வரும் கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதிகம் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இரண்டு நாளாகப் பிரித்துப் படித்தேன். இப்போது கண் தெளிவாகத் தெரிகிறது, கவலைப்படாதே. உன் மகன் கம்பெனிப் பொறுப்பை முழுசாக எடுத்துக்கொண்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

அவன் கேட்ட கேள்வியைத்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, வரி பூஜ்யம், அந்த ஒப்பந்த நாடுகளின் வட்டாரத்துக்குள்ளேயே ஒரு ஃபேக்டரி போட்டுவிடலாமா?" உடனே சரி என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஏற்றுமதிப் பிரிவில் காஸ்டிங் ஷீட்டோடு, அதாவது செலவுக் கணக்குத் தாளோடு, மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வரி பூஜ்யம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பூஜ்யம், பொருள் அந்த வட்டாரத்திலேயே உருவானது என்று காகிதத்தில் நிரூபிப்பவனுக்கு மட்டும்தான். வரி அட்டவணையை எல்லாரும் படிக்கிறார்கள். பின்னால் இருக்கும் மூல விதிகளை, அதாவது எந்தப் பொருளை எந்த நாட்டுப் பொருள் என்று ஏற்பது என்ற பகுதியை, பாதிப்பேர் படிப்பதில்லை. ஃபேக்டரி எங்கே வரும், யாருக்கு ஆர்டர் போகும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

வட அமெரிக்காவைப் பார். 1994 ஒப்பந்தத்தில் ஒரு காரின் மதிப்பில் 62.5 சதவீதம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்ற மூன்று நாடுகளில் உருவானால் போதும் என்று இருந்தது. 2020 ஜூலையில் அமலான புது ஒப்பந்தம் அதைப் படிப்படியாக 75 ஆக்கியது. போதாததற்கு, காரின் மதிப்பில் 40 சதவீதம், பிக்கப் வண்டி என்றால் 45 சதவீதம், மணிக்கு 16 டாலருக்குக் குறையாத சராசரிச் சம்பளம் தரும் இடங்களிலிருந்து வர வேண்டும். மெக்சிகோவின் குறைந்த கூலியை நம்பிப் போட்ட திட்டங்களை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்க வைத்த வாக்கியம் அது. அப்புறம் இன்னொரு தகராறு. ஒரு எஞ்சின் தனக்கான விதியைப் பூர்த்தி செய்துவிட்டால், காரின் கணக்கில் அதை முழுசாக உள்ளூர்ப் பொருளாக எண்ணலாமா? கூடாது என்றது அமெரிக்கா. எண்ணலாம் என்றன மெக்சிகோவும் கனடாவும். 2023 ஜனவரியில் வெளியான நடுவர் குழுவின் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ஒரு வாக்கியத்தை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு தொழிலின் கொள்முதல் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது, பார்.

இதில் கம்பெனிகள் போடும் இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் காருக்கான சாதாரண வரி அப்போது 2.5 சதவீதம்தான். விதியைப் பூர்த்தி செய்ய ஆகும் செலவு அதைவிட அதிகம் என்றால், பேசாமல் வரியைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். பிக்கப் வண்டிக்கு அப்படிப் போக முடியாது, அதற்கு 1964 முதல் 25 சதவீதம். 2025இல் அமெரிக்கா கனடா, மெக்சிகோ பொருள்கள் மீது கூடுதல் வரி போட்டு, ஒப்பந்த விதிக்கு உட்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு தந்தபோது, அதுவரை சான்றிதழே எடுக்காத கம்பெனிகள் அவசர அவசரமாக எடுக்க ஆரம்பித்தன. சலுகைக்கும் சாதாரண வரிக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. உன் மகனை அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்.

நன்றாக நடந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் தென்கிழக்கு ஆசியாவில் டொயோட்டா செய்தது. ஆசியான் நாடுகளின் சந்தைகள் தனித்தனியே சின்னவை. ஒவ்வொன்றிலும் எஞ்சின், கியர்பாக்ஸ் என்று எல்லாவற்றையும் செய்தால் எதிலும் கட்டுப்படியாகாது. 1992இல் வரிக்குறைப்புக்கு ஒப்புக்கொண்ட பிறகு பாகங்கள் எல்லை தாண்டுவது மலிவானது. 2004இல் வந்த டொயோட்டாவின் பிக்கப் திட்டத்தில் டீசல் எஞ்சின் தாய்லாந்தில், பெட்ரோல் எஞ்சின் இந்தோனேசியாவில், கியர்பாக்ஸ் பிலிப்பைன்ஸிலும் இந்தியாவிலும் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே பாகம், பெரிய அளவில்.

அதே தாய்லாந்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005இல் ஆஸ்திரேலியாவோடு அதன் ஒப்பந்தம் அமலானது. தாய்லாந்தில் தயாரான பிக்கப்கள் வரியில்லாமல் ஆஸ்திரேலியாவுக்குள் வந்து குவிந்தன. எதிர்த்திசையில் கார்கள் அதிகம் போகவில்லை. சுங்க வரி குறைந்தாலும், எஞ்சின் அளவைப் பார்த்துப் போடும் தாய்லாந்தின் உள்நாட்டு வரி அப்படியே நின்றது. ஆஸ்திரேலியாவின் பெரிய எஞ்சின் கார்கள் அங்கே விலைபோகவில்லை. 2016இல் ஃபோர்டு, 2017இல் டொயோட்டாவும் ஹோல்டனும் ஆஸ்திரேலிய ஆலைகளை மூடின. ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு ஏறியது, சந்தை சின்னது, அரசு உதவி நின்றது என்று காரணங்கள் பல உண்டு. ஒப்பந்தம் மட்டுமே கொன்றது என்று சொன்னால் தப்பு. ஆனால் வரி ஒழிந்தால் இரு பக்கமும் சமமாகத் திறந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆயத்த ஆடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழில் அதுவல்ல. அமெரிக்க ஒப்பந்தங்களில் பெரும்பாலும் நூலிலிருந்தே உறுப்பு நாட்டில் ஆக வேண்டும். 2020இல் அமலான ஐரோப்பிய வியட்நாம் ஒப்பந்தத்தில் துணியிலிருந்து ஆனால் போதும், தென்கொரியத் துணிக்கும் இடம் உண்டு. அந்த ஒரு படி வித்தியாசத்தில்தான் நெசவாலைகள் எந்த நாட்டுக்குப் போகும் என்பது மாறுகிறது.

இனி நான் யாரிடமும் அதிகம் சொல்லாத விஷயம். எங்கள் கம்பெனி ஒரு பாகத்தை ஒப்பந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பாகத்தின் மதிப்பில் குறைந்தது 40 சதவீதம் வட்டாரத்துக்குள் உருவாக வேண்டும் என்பது விதி. காஸ்டிங் ஷீட்டை வரி வரியாகப் பிரித்து உட்கார்ந்தேன். பாகத்தின் விலையை நூறு என்று வைத்துக்கொள். அதில் வெளியிலிருந்து வந்தது 63, மீதி 37. மூன்று குறைகிறது. ஒன்பதாவது வரியில் ஒரு வார்ப்பு, மதிப்பு 6, வட்டாரத்துக்கு வெளியே இருந்த சப்ளையர். உள்ளே ஒருவரிடம் அதை 7க்கு வாங்கினால் வெளிப்பங்கு 57ஆக இறங்கும், நாம் 43. கூடுதல் செலவு ஒன்று, மிச்சமாகும் வரி எட்டு. பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது.

ஆனால் அந்த வெளி சப்ளையரோடு எங்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். அவர்கள் வார்ப்பில் ஒரு குறை வந்து நான் பார்த்ததில்லை. விலையும் குறைவு. இனி ஆர்டர் இல்லை என்ற கடிதத்தை நான்தான் எழுதினேன். பொருளாதார அறிஞர் ஜேக்கப் வைனர் 1950லேயே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களால் புதிதாக வர்த்தகம் உருவாவது வேறு, மலிவான வெளியாரிடமிருந்து உள்ளே இருப்பவருக்கு வர்த்தகம் திசைமாறுவது வேறு என்று பிரித்துக் காட்டினார். படிக்கும்போது அது ஒரு தேர்வுக் கேள்வி. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோதுதான் அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. அவர்கள் செய்த ஒரே தப்பு, கோட்டுக்கு வெளியே இருந்தது.

அதோடும் முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து இறக்குமதி நாட்டுச் சுங்கத்திலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வந்தது, அந்த வார்ப்பு எங்கே ஆனது என்பதற்கு ஆதாரம் கேட்டு. புது சப்ளையர் கொடுத்த உறுதிமொழியில் எச்.எஸ். கோடின், அதாவது சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணின், ஆறாவது இலக்கம் மாறியிருந்தது. பழைய ரசீதுகளை அவர்கள் வைத்திருக்கவில்லை. எங்கள் இன்வாய்ஸ், லாரி ரசீது, வங்கிச் சீட்டு என்று நாற்பது பக்கம் சேர்த்து அனுப்பியும் ஏற்கவில்லை. விட்ட வரியை வட்டியோடு கட்டினோம். அன்றிலிருந்து சப்ளையர் ஒப்பந்தத்திலேயே ஐந்து வருஷம் காகிதம் வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன்.

விதி நிலைக்கும் என்றும் நம்ப முடியாது. பிரிட்டனும் ஐரோப்பாவும் செய்த ஒப்பந்தத்தில் மின்சாரக் கார் பேட்டரி விதி 2024இல் இறுகுவதாக இருந்தது. உள்ளூர் பேட்டரி போதுமான அளவு வரவில்லை, 10 சதவீத வரி தலைமேல் நின்றது. கடைசியில் 2023 டிசம்பரில் 2026 இறுதிவரை தள்ளிவைத்தார்கள். முன்கூட்டியே பணம் போட்டவனும் காத்திருந்தவனும் அன்று ஒரே வரிசையில் நின்றார்கள். முன்னால் ஓடியவனுக்கு அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே உன் மகனிடம் சொல். வரிச்சலுகை இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் ஃபேக்டரி நிற்குமா என்று ஒரு தடவை கணக்குப் போடட்டும். நிற்கும் என்றால் தயங்காமல் போகலாம். சலுகை இருந்தால்தான் நிற்கும் என்றால், புதுக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கிற ஆலையிலேயே இரண்டு மூன்று பாகங்களின் சப்ளையரை மாற்றி விதியைத் தொட முடியுமா என்று பார்க்கட்டும். ஆர்செப் என்ற ஆசிய பசிபிக் ஒப்பந்தம் மாதிரி பதினைந்து நாடுகள் சேர்ந்தது என்றால், ஒரு உறுப்பு நாட்டின் மூலப்பொருளை இன்னொன்றில் சொந்தப் பொருளாக எண்ணலாம். அதனால் இது நினைப்பதைவிட சுலபம்.

அவனுடைய பில் ஆஃப் மெட்டீரியல்ஸை, அதாவது பொருளில் சேரும் பாகங்களின் பட்டியலை, அனுப்பச் சொல். ஒவ்வொரு பாகத்துக்கும் எச்.எஸ். கோடும், எங்கிருந்து வாங்குகிறான் என்பதும் இருந்தால் போதும், விலை சதவீதத்தில் இருக்கட்டும். கண்ணுக்கு ஓய்வு கொடுத்து மெல்லத்தான் பார்ப்பேன், ஒரு மாதம் பிடிக்கும். யாரையாவது மாற்ற வேண்டி வந்தால், அவர்களுக்கு ஒரு வருஷமாவது அவகாசம் கொடுக்கச் சொல். நான் மூன்று மாதம்தான் கொடுத்தேன்.

அன்புடன்,
உன் நண்பன்