குடியரசு தினத்தன்று பதினோரு மணிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் குடியரசு தினச் சிறப்பிதழை அட்டையிலிருந்து அட்டை வரை படித்து முடித்தேன். டெல்லி அணிவகுப்பு, அலங்கார ஊர்திகள், போர் விமானங்கள், மூவண்ணக் கேசரி செய்முறை என்று எல்லாம் இருந்தன. கேசரியோடு எனக்கு வழக்கில்லை. வீட்டில் செய்தும் பார்த்தார்கள். பச்சை மட்டும் குளத்துப் பாசி நிறத்தில் வந்தது. ஆனால் அதே நாளில் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறதே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் குறை. அரசியல் சாசனத்தின் பெயரால் விடுமுறை விட்ட நாளில், அந்தச் சாசனமே பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு சபை நம் ஊர் மரத்தடியில் கூடுகிறது. அந்த நேரத்தில் ஊரே தொலைக்காட்சி முன் இருக்கிறது.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் ஊருக்கு விடுமுறை, எங்களுக்குக் கிராம சபை. ஏதாவது ஓர் ஊராட்சிக்குப் பற்றாளராகப் போட்டுவிடுவார்கள். (2022இல் மார்ச் 22, நவம்பர் 1 என்று மேலும் இரண்டு நாட்கள் சேர்ந்தன. அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.)

கூட்டம் முறைப்படி நடந்தது என்று எழுதிக் கொடுப்பது பற்றாளரின் வேலை. முறை என்றால் முதலில் குறைவெண் வரம்பு. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டி பத்தாயிரத்துக்குள் இருக்கும் ஊராட்சியென்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும். வேப்பமரத்தடியில் நாற்பது நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் பாதி காலியாக இருக்கும். வருகைப் பதிவேடு மட்டும் ஊர் சுற்றப் போயிருக்கும். டீக்கடை, திண்ணை, மறுநாள் நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரை என்று போய்த் திரும்பும்போது 200 பெயர் சேர்ந்துவிடும். கைநாட்டு வைத்த பக்கங்களில் ஒரே விரல் நாலைந்து பெயருக்கு உழைத்திருப்பது உற்றுப் பார்த்தால் தெரியும். நான் உற்றுப் பார்த்ததில்லை. அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தவன்தான் நானும். எந்த ஊர், எந்த ஆண்டு என்று இப்போது சொல்லி ஒருவரையும் வம்பில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒரு கூட்டத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அதுவும் ஜனவரி 26தான். காலனியிலிருந்து ஓர் அம்மா எழுந்து, சுடுகாட்டுக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் முழங்கால் சேறாகிவிடுகிறது, பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது என்றார். செயலர் தலையாட்டிக்கொண்டே தீர்மானப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அந்த அம்மா உட்காரவில்லை. “எழுதியதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் ஐயா” என்றார். செயலர் வாசித்தார்: ‘சுடுகாட்டுப் பாதை குறித்துப் பரிசீலிக்கலாம் என முடிவு செய்யப்பட்டது.’

“பரிசீலிக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே. பாதை போடத்தானே கேட்டேன்? அதையே எழுதுங்கள்.”

செயலர் தலைவரைப் பார்த்தார், தலைவர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். என் உத்தியோகத்தில் நான் சொன்ன உருப்படியான சொல் அதுவாகத்தான் இருக்கும். வரியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பாதை வந்தது. தார் இல்லை, கிராவல்தான். ஆனாலும் வந்தது.

இந்தச் சபை சாசனத்துக்குள் வந்த கதையும் சிறப்பிதழில் இடம்பெற வேண்டிய கதைதான். 1948 நவம்பர் 4 அன்று வரைவுச் சாசனத்தை அரசியல் நிர்ணய அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைத் தூக்கிப்பிடித்தவர்களை ஒரு பிடி பிடித்தார். குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் மண்டிய இடம் அது என்றார். கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் தமக்கு மகிழ்ச்சியே என்றார். உறுப்பினர் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. நவம்பர் 22 அன்று சென்னை மாகாண உறுப்பினர் கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அவற்றுக்கு அதிகாரம் தர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40ஆம் உறுப்பு. சந்தானம் உங்கள் தொழில்காரர், பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். ஊழல் தடுப்புக்கு அறிக்கை தந்த சந்தானம் குழுவின் சந்தானமும் இவரேதான்.

ஆனால் 40ஆம் உறுப்பு வழிகாட்டு நெறிகளில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! நீதிமன்றத்துக்குப் போய் அதைக் கேட்டு வாங்க முடியாது. 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் 73ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, அது 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த பிறகே ‘கிராம சபை’ என்ற சொல் சாசனத்தில் ஏறியது. 243அ என்ற அந்த உறுப்பு ஒரே வாக்கியம். மாநிலச் சட்டமன்றம் எந்த அதிகாரத்தைக் கொடுக்கிறதோ அதைக் கிராம சபை செலுத்தலாம் என்கிறது. ‘லாம்’ என்பதைக் கவனியுங்கள். அந்த ‘லாம்’ எனக்கு ‘பரிசீலிக்கலாம்’ போலவே ஒலிக்கிறது.

அம்பேத்கர் சொன்னது தவறு என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்களைக் கொடியேற்றவிடாமல் தடுக்கிறார்கள் என்று புகார் வந்து, அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. தீண்டாமையை 17ஆம் உறுப்பு ஒழித்து எத்தனை காலமாயிற்று! நாற்காலியில் யார் உட்காருகிறார், யார் ஓரமாக நிற்கிறார் என்பதை வேப்பமரத்தடியிலேயே பார்க்கலாம். அப்படியிருந்தும் அந்தக் காலனி அம்மா எழுந்து நின்று கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது, அந்தக் கிராமத்திலேயே. சந்தானம், அம்பேத்கர் இருவருமே சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த சிறப்பிதழில் கேசரிக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக் கிராம சபைக்குக் கொடுங்கள். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கலாம், தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லலாம் என்கிற மூன்று விஷயத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் போதும். சென்னை மாகாணத்திலிருந்து போன அம்மு சுவாமிநாதன், சாசனம் கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் அளவில் இருந்திருக்கக் கூடாதா என்று 1949 நவம்பரில் அவையிலேயே குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் கால் பக்கத்தைக் கத்தரித்து மடித்தால் சுருக்குப்பையிலேயே அடங்கிவிடும்.

முடிந்தால் தங்கள் நிருபர் ஒருவரையும் எங்கள் பக்கம் அனுப்பிவையுங்கள். காலைக் கொடியேற்றத்துக்கு அவர் வர வேண்டியதில்லை, அதற்கு மிட்டாய் வாங்கப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். தஞ்சாவூரிலிருந்து பத்தரைக்கு ஒரு பஸ் வருகிறது. அதில் வந்தால் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். நாற்காலி நிச்சயம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலக உதவியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.