ஒவ்வொரு கேமும் கணக்கில்

அன்புள்ள மலர்,

உன் மெயிலைப் படித்தேன். மூன்றாம் டென்னிஸ் கோர்ட்டில் நீயும் உன் இரட்டையர் பார்ட்னரும் 5-3 கேம் என்று முன்னே இருக்கும்போது, பக்கத்து இரண்டு கோர்ட்டிலும் நம் ஜோடிகள் ஜெயித்துவிட, உங்கள் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஸ்கோர்ஷீட்டில் 'முடியவில்லை' என்று ஒரு வரி. இந்த சீசனில் இது முதல் முறையும் இல்லை என்கிறாய். "நான் இந்த டீமில் இருக்கிறேனா இல்லையா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். ஏப்ரலோடு விட்டுவிடலாமா என்ற யோசனை வேறு.

கோபம் நியாயம்தான். ஆனால் கோபப்பட வேண்டியது ஆட்டத்தின் மேல் இல்லை, கணக்கின் மேல். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் மூன்று இரட்டையர் ஆட்டமும் சேர்ந்து ஒரே ஒரு பாயிண்ட். ஒற்றையர் ஆறுக்கும் தனித்தனியே ஆறு பாயிண்ட். ஆக மொத்தம் ஏழு. இரண்டு ஜோடி ஜெயித்தால் அந்த ஒரு பாயிண்ட் கைக்கு வந்துவிடும், மூன்றாவது ஜோடி ஆடி என்ன ஆகப்போகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். நேரம் மிச்சம். இரட்டையர் ஆட்டக்காரிக்கு இதைவிடக் குறைவான மதிப்பு போட ஒரு விதி எழுத முடியுமா என்று தெரியவில்லை!

அதே நாட்டில், ஐம்பது வருடத்துக்கு முன்னால், நேர் எதிரான கணக்கோடு ஒரு தொழில்முறை அணி லீக் தொடங்கியது. வேர்ல்ட் டீம் டென்னிஸ், முதல் சீசன் 1974. பெண்கள் டென்னிஸ் சாம்பியன் பில்லி ஜீன் கிங்கும் அவருடைய கணவர் லாரி கிங்கும் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் ஹூஸ்டனில் முன்னாள் ஆண் சாம்பியன் பாபி ரிக்ஸை நேர் செட்களில் அடித்து பில்லி ஜீன் உலகம் முழுக்கப் பேசப்பட்டிருந்தார். அந்தச் சூடு ஆறுவதற்குள் 16 அணிகள். பெயர்களைக் கேள்: கிளீவ்லாந்து நெட்ஸ், நியூயார்க் செட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்ட்ரிங்ஸ், டெட்ராய்ட் லவ்ஸ். டென்னிஸ் கடையின் விலைப்பட்டியலை வைத்துப் பெயர் சூட்டியிருப்பார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

கணக்குக்கு வருகிறேன். ஒரு அணியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே ஆடினார்கள். எத்தனை செட் ஜெயித்தாய் என்று யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு கேமும் ஒரு புள்ளி, எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு வெற்றி. பின்னாளில் நிலைத்த வடிவத்தில் ஆண் ஒற்றையர், பெண் ஒற்றையர், ஆண் இரட்டையர், பெண் இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று ஐந்து செட். நீயே ஒரு காகிதத்தில் போட்டுப் பார். மூன்று செட்டை 6-4 என்று ஜெயித்து, இரண்டை 1-6 என்று கோட்டைவிட்ட அணிக்கு 20 கேம். எதிரணிக்கு 24. ஐந்தில் மூன்றை ஜெயித்தும் தோல்வி! அந்தக் கணக்கில் 5-3ல் நிற்கும் ஒரு ஜோடியை எந்த நடுவரும் "போதும், வாங்க" என்று கூப்பிட முடியாது.

ஒரு பெண் எடுத்த கேமும் ஆண் எடுத்த கேமும் ஒரே எடை என்பது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. பில்லி ஜீன் பிலடெல்ஃபியா ஃப்ரீடம்ஸ் அணியில் ஆடிக்கொண்டே அதற்குக் கோச்சாகவும் இருந்தார். ஃப்ரெட் ஸ்டோல் மாதிரிப் பெரிய ஆட்டக்காரர்கள் அவர் சொன்ன இடத்தில் இறங்கி ஆடினார்கள். ரசிகர்களும் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கத்தலாம், கிண்டல் செய்யலாம், எதிரணியைச் சீண்டலாம். விம்பிள்டன் அமைதிக்குப் பழகியவர்களுக்கு அது சந்தை இரைச்சலாகத்தான் பட்டிருக்கும். எனக்கே முழுச் சம்மதம் இல்லை. சர்வ் போடும்போதாவது வாயை மூடலாம்.

ஐரோப்பாவில் எதிர்ப்பு வந்தது. லீக்கோடு ஒப்பந்தம் போட்டவர்களை அந்த ஆண்டு ஃபிரெஞ்ச் ஓப்பனில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பால்டிமோர் அணியில் ஜிம்மி கானர்ஸ், பிட்ஸ்பர்க் அணியில் பெண் ஆட்டக்காரர் இவோன் கூலகாங். 1974 ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையர் பட்டங்கள் இரண்டும் இவர்கள் கையில் இருந்தன. கானர்ஸ் அதே ஆண்டு விம்பிள்டனையும் யு.எஸ். ஓப்பனையும் ஜெயித்தார். நான்கு கிராண்ட்ஸ்லாமில் மூன்று. நான்காவதில் ஆடவே விடவில்லை. ஆட விட்டிருந்தாலும் பாரிஸ் களிமண்ணில் என்ன ஆகியிருக்குமோ, அது வேறு கதை.

இப்போது உனக்காகவே எடுத்து வைத்த பகுதி. ஃப்ரீடம்ஸ் அணி சீசனின் 44 ஆட்டங்களில் 39ஐ ஜெயித்தது. அப்புறம் இறுதிப் போட்டியில் டென்வர் ராக்கெட்ஸிடம் 27-21, 28-24 என்று இரண்டு ஆட்டத்தையும் தோற்றது. டென்வரில் யார் இருந்தார்கள் என்று பார். கோச்சாகவும் ஆட்டக்காரராகவும் டோனி ரோச். ஜான் நியூகோம்போடு சேர்ந்து 12 கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டம் வென்றவர். அந்தக் கோடையில் நியூகோம்ப் ஹூஸ்டன் அணியில், இவர் டென்வரில். லீக்கில் எதிரிகள். விம்பிள்டனில் மட்டும் ஒன்றாக இறங்கி, இரட்டையர் பட்டத்தை மறுபடி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பெண்களில் ஃபிரான்ஸின் ஃபிரான்ஸ்வாஸ் டர். பேக்ஹேண்ட் அடிக்கும்போது ஆள்காட்டி விரலைக் கைப்பிடியோடு நீட்டி வைத்துக்கொள்வார். எந்தக் கோச்சும் அப்படிச் சொல்லித்தர மாட்டார். அந்தப் பிடியோடு 1967ல் ஃபிரெஞ்ச் ஓப்பன் ஒற்றையரும், 1967 முதல் 1971 வரை தொடர்ந்து ஐந்து முறை அங்கே இரட்டையரும் ஜெயித்தவர்.

பில்லி ஜீன் அளவுக்குச் சுவரொட்டியில் போட டென்வரில் ஆள் இல்லை. இரண்டு பேர் கோர்ட்டில் எப்படி நகர வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். இரட்டையர் கேமுக்கும் ஒற்றையர் கேமுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கும் கணக்கில் அப்படிப்பட்டவர்களின் விலை ஏறிவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதுதான். ரோச்சும் டரும் உங்கள் கல்லூரி விதியில் ஆடியிருந்தால் அவர்களுடைய இரட்டையர் ஆட்டமும் பாதியில் நின்றிருக்கும்.

பணக் கதை சோகம். ஜெயித்த டென்வர் அணி அடுத்த சீசனில் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டது. ஃப்ரீடம்ஸ் பாஸ்டன் அணியோடு கரைந்தது, பில்லி ஜீன் நியூயார்க்குக்குப் போனார். லீக் 1978 வரை மூச்சு வாங்கி ஓடி நின்றது. அந்தக் கடைசி சீசனின் சாம்பியன் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்ட்ரிங்ஸ். கிறிஸ் எவர்ட், நஸ்டாசேயோடு நம் சென்னை விஜய் அமிர்தராஜும் அசோக் அமிர்தராஜும் அந்த அணியில் இருந்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னால் உடனே விஜயின் வாலி ஷாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள், நான் சொல்வதில்லை.

1981ல் லீக் சின்ன அளவில் திரும்பி வந்தது. 2020ல், கொரோனா காலத்தில், எல்லா அணிகளையும் மேற்கு வர்ஜீனியாவில் ஒரே விடுதி வளாகத்தில் வைத்து மூன்று வாரம் நடத்தினார்கள். இறுதியில் நியூயார்க்கும் சிகாகோவும் 20-20. சமநிலையை உடைக்க ஏழு பாயிண்ட் வரை ஆடும் சூப்பர் டைபிரேக்கும் 6-6. அடுத்த பாயிண்ட் இரண்டு அணிக்குமே சாம்பியன்ஷிப் பாயிண்ட். கோகோ வான்டவே அடித்த ரிட்டர்ன் கோட்டைத் தொட்டு விழுந்தது, கோப்பை நியூயார்க்குக்கு. அதற்கு முந்தைய செட்களில் யாரோ விட்ட, யாரோ பிடித்த ஒரே ஒரு கேம் வேறு மாதிரிப் போயிருந்தால் அந்தப் பாயிண்டே வந்திருக்காது.

சரி. டீமை விடுவதா இருப்பதா என்பது உன் முடிவு, நான் தலையிட மாட்டேன். கோச்சிடம் பேசாமல் மட்டும் விடாதே. இரண்டாம் ஜோடிக்கு எங்களைச் சோதித்துப் பாருங்கள் என்று நேராகக் கேள். உங்கள் ஆட்டம் நின்ற நாட்களின் ஸ்கோரை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. ஷீட்டில் 'முடியவில்லை' என்று இருந்தாலும் 5-3 என்பது 5-3தான்.

இன்னொன்று. அந்த லீக்கைப் போலவே உங்கள் ஆட்டத்திலும் அட்வான்டேஜ் கிடையாது, 40-40 என்ற டியூஸில் ஒரே பாயிண்டில் கேம் முடிந்துவிடும். யார் ரிட்டர்ன் எடுப்பது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீ அனுப்பிய வீடியோவில் ஒவ்வொரு முறையும் உன் பார்ட்னர்தான் எடுக்கிறாள். பேசி வைத்தா, இல்லை நீ ஒதுங்கிக்கொள்கிறாயா? பதிலில் எழுது.

அன்புடன்,
அப்பா