பதினாலாம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா ராஜாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அசீரிய ராஜா சனகெரிப் பெரும்படையோடு வருகிறான், எசேக்கியா ஆலயத்துக்குப் போய் ஜெபிக்கிறார், ஒரே ராத்திரியில் தேவதூதன் லட்சத்து எண்பத்தையாயிரம் பேரை அழிக்கிறான், ஆகவே எதிரி எவ்வளவு பலசாலியானாலும் நாம் ஒன்றும் செய்யாமல் கர்த்தரை நம்பி அமைதியாக இருந்தால் போதும் என்று முடித்திருந்தார்கள். எல்லாம் சரி, அந்த 'ஒன்றும் செய்யாமல்' எங்கிருந்து வந்தது?

வேதாகமத்தில் இரண்டாம் நாளாகமம் 32-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எசேக்கியா ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைக்கிறார், இடிந்த மதிலைக் கட்டுகிறார், அதற்கு வெளியே இன்னொரு மதில் எழுப்புகிறார், ஆயுதங்களும் கேடயங்களும் செய்ய வைக்கிறார், இவ்வளவும் செய்த பிறகுதான் ஜனங்களைக் கூட்டி, அவனோடு இருப்பது மனுஷ பலம், நம்மோடு இருப்பது கர்த்தர் என்று தைரியம் சொல்கிறார். கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்த சுரங்கம் இன்றைக்கும் எருசலேமில் இருக்கிறது, ஏறத்தாழ 530 மீட்டர் நீளம். இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-ல் கிடைத்தது. அது எசேக்கியா காலத்து வேலை என்றுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆலயக் கதவுகளில் இருந்த பொன்னைக்கூடப் பெயர்த்து அசீரியனுக்குக் கப்பம் கட்டிப் பார்த்தார் என்பதையும் வேதம் மறைக்கவில்லை, கட்டுரையாளர்தான் விட்டுவிட்டார். கி.மு. 701-ல் நடந்த அந்தப் படையெடுப்பைப் பற்றி சனகெரிப்பே களிமண் பட்டயத்தில் எழுதி வைத்திருக்கிறான். யூதாவின் 46 ஊர்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்று பெருமை பேசுகிறானே தவிர, எருசலேமைப் பிடித்தேன் என்று அதில் ஒரு வரி கிடையாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் பெரம்பூர் பக்கம் பூ விற்கிற அக்கா ஒருவர், தினமும் வந்து வசூலிக்கிற தண்டலுக்குப் பணம் வாங்கிவிட்டு, அசலுக்கு மேலேயே கட்டி முடித்த பிறகும், நிரப்பாத புரோநோட்டில் வாங்கிய கையெழுத்தைக் காட்டி மிரட்டுகிறவர்களிடம் சிக்கிக்கொண்டு தவிக்கிறார். அவருக்கு ஜெபக்கூட்டத்தில் கிடைத்த ஆலோசனை, "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." யாத்திராகமம் 14:14. சென்னையில் பாதி ஆட்டோவின் பின்னால் இந்த வசனம் ஒட்டியிருக்கும், காலண்டரிலும் வரும். அடுத்த வசனத்தை மட்டும் யாரும் ஒட்டுவதில்லை. அதில் கர்த்தர் மோசேயிடம், என்னிடம் ஏன் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார். முன்னால் கடல், பின்னால் துரத்தி வரும் எகிப்து ராஜா பார்வோனின் ரதங்கள், அப்போதும் நடக்கச் சொல்கிறார்!

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அந்த அக்காவுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் நம்பிக்கை இருக்கிறவருக்குத்தான் போலீஸ் ஸ்டேஷன் படியேறுகிற துணிச்சல் முதலில் வர வேண்டும். தேவாரம் படிக்கிற வாசகர்களுக்கும் இது புதிதல்ல, பல்லவ மன்னனின் ஆட்கள் அழைத்தபோது அப்பர் வாய்மூடி இருக்கவில்லை, வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார், கல்லோடு கட்டிக் கடலில் போட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கடன் கொடுத்தவனுக்குப் பின்னால் ஆள்பலம் இருக்கிறது என்று பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்தால், லாபம் அவனுக்குத்தான்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஆன்மிகப் பக்கத்தில் இதையெல்லாம் போடுவதா என்று நீங்கள் யோசிக்கலாம். எசேக்கியாவின் கதையை அடுத்த முறை போடும்போது அதன் கீழேயே போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பெரம்பூர், சென்னை